எழுத்தை வரைந்தவனுக்குக் கூலி

"வரைகலை இடைமுகம் வெறும் அலங்காரம். கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினாலும் அதே வேலைதான் நடக்கிறது. பிறகு சாளரமும் பொத்தானும் காட்டும் மென்பொருளுக்கு மட்டும் ஏன் இத்தனை விலை?" இலக்கிய நண்பர்கள் கூடும் இடங்களில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. கேட்பவர்களில் பலர் ஒரு தமிழ் எழுத்துருவைக்கூடக் காசு கொடுத்து வாங்கியதில்லை என்பது இருக்கட்டும். விலையைப் பற்றிக் கேட்பது நியாயமே. 'அலங்காரம்' என்ற சொல்லோடுதான் நமக்குச் சண்டை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். டாஸ் காலத்துத் திரையில் 80 நெடுவரிசை, 25 கிடைவரிசை. ஆக 2000 கட்டங்கள். எழுத்துக்கு ஒரு பைட், நிறத்துக்கு ஒரு பைட் என 4000 பைட் நினைவகம் போதும். எழுத்தின் உருவத்தை வன்பொருளே வரைந்துவிடும்; நிரலருக்கு அந்தக் கவலை இல்லை. அதே கணினித் திரையை 640க்கு 480 புள்ளிகளாகப் பிரித்து 16 நிறங்களில் வரைவதற்கு 1,53,600 பைட் வேண்டும்.

நினைவகத்தைவிடப் பெருகியது உழைப்பு. கட்டளைத் திரையில் நிரல் கேட்கும், நாம் விடை சொல்வோம். எது முன், எது பின் என்பது நிரலின் கையில். சாளரத்தில் பயனர் எந்த நேரமும் எந்தப் பொத்தானையும் அழுத்துவார், பாதியில் மூடுவார், தவறான இடத்துக்கு இழுப்பார். அத்தனைக்கும் முன்கூட்டியே விடை எழுதிச் சோதித்தும் பார்த்திருக்க வேண்டும். பிராட் மையர்ஸும் மேரி பெத் ராசனும் 1992இல் வெளியிட்ட ஆய்வின்படி, நிரலில் சராசரியாக 48 விழுக்காடு இடைமுகத்துக்கே போயிற்று. நம் தலைச்சுமையை இன்னொருவர் தலைக்கு மாற்றுகிறோம். சுமப்பவருக்குக் கூலி உண்டு. விலை முழுவதும் கூலி என்று வாதிட நாம் வரவில்லை. ஏகபோகத்தின் கொள்ளையும் அதில் சேர்ந்திருக்கலாம். ஆனால் கொள்ளையைக் காட்டிக் கூலியை மறுப்பது அறமாகாது.

இனித் தமிழுக்கு வருவோம். எல்லா எழுத்துக்கும் ஒரே அளவுக் கட்டம் என்பது ஆங்கிலத்துக்குத் தைத்த சட்டை. அதில் 'ணௌ' எப்படி அடங்கும்? 'கொ' என்று எழுதினால் உயிர்க்குறி உடைந்து மெய்க்கு முன்னும் பின்னும் போய் நிற்கிறது. அதனால்தான் அந்நாளில் டாஸ் திரையில் இந்திய மொழிகளைக் காண, கான்பூர் ஐ.ஐ.டி.யில் உருவாகி சி-டாக் வளர்த்த 'ஜிஸ்ட்' அட்டையைத் தனியே வாங்கிக் கணினிக்குள் செருக வேண்டியிருந்தது. வரைந்தாலொழியத் தமிழ் திரையில் நிற்காது. ஆங்கிலத்துக்கு வசதியாக வந்த வரைகலை, தமிழுக்கு உயிர்நாடி. அதை அலங்காரம் என்பவர் தம்மை அறியாமலே ஆங்கிலத்துக்குள் நின்றுகொண்டு பேசுகிறார்.

அந்த உழைப்புக்கு நாம் என்ன கொடுத்தோம்? நகல் எடுத்தோம். வாங்குவோர் சிலராகவும் நகலெடுப்போர் பலராகவும் இருந்த சந்தையில், ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களைத் தத்தம் விருப்பப்படி அடுக்கி, வந்த வாடிக்கையாளரைக் கட்டிப்போட்டார்கள் விற்பவர்கள். ஒருவர் எழுத்துருவில் தட்டியது இன்னொருவருடையதில் படிக்க முடியாமல் போயிற்று. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாடு 'டாப்', 'டாம்' என இரு குறியாக்கங்களைப் பரிந்துரைத்த பின்னும் குழப்பம் ஓயவில்லை. 2010இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியையும் 16 பிட் அனைத்து எழுத்துக் குறியாக்கத்தையும் தரமாக அறிவிக்க வேண்டி வந்தது.

இதில் நம் பங்கும் உண்டு. முன்னொரு முறை நாம் தொகுத்த கருத்தரங்கக் கட்டுரைகளைத் தென்காசியில் ஒரு கடையில் தட்டச்சு செய்தோம். எழுத்துரு யாரோ யாருக்கோ கொடுத்த நகல். அதன் பெயரைக்கூட நாம் கேட்கவில்லை. இன்று இலஞ்சியில் வீட்டில் அமர்ந்து அந்தக் குறுவட்டைத் திறந்தால் பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்துகளும் பொருளற்ற குறிகளும்தான். மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன. ஆனால் மூலக் குறியாக்கம் எதுவென்று தெரிந்தால்தானே? அன்று மிச்சப்படுத்திய எழுத்துரு விலைக்கு ஈடாக ஒரு தொகுப்பையே கொடுத்துவிட்டோம்.

"இலவச மென்பொருள் இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது, அதை வணங்குகிறோம். 1996இல் கே.டி.இ., 1997இல் குனோம் எனக் கட்டற்ற வரைகலைச் சூழல்கள் தொடங்கின. தமிழில் 'தமிழா' குழுவின் இ-கலப்பை எத்தனையோ பேரை எழுத வைத்தது. ஆனால் நமக்கு இலவசம் என்றால் செய்தவருக்குச் செலவில்லை என்று பொருளன்று. நமக்குப் பக்கத்திலேயே குற்றாலம் இருக்கிறது. அருவியை மலை தருகிறது. படிக்கட்டையும் கைப்பிடிக் கம்பியையும் ஆள் வைத்துத்தான் கட்டினார்கள். வழுக்காமல் குளித்துவிட்டு வருகிறவன், படிக்கட்டு எதற்கென்று கேட்கலாமா?

ஆகவே கருத்தரங்கு நடத்தும் நண்பர்களுக்கும் நமக்கும் சேர்த்தே சொல்கிறோம்: அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் பொன்னாடைக்கும் விருந்துக்கும் கீழே 'எழுத்துரு, மென்பொருள்' என்று ஒரு வரி சேர்ப்போம். விலைக்கு வாங்கினால் விலை, இலவசமாகப் பெற்றால் ஆக்கியவருக்கு நன்கொடை. எதுவானாலும் கோப்பு ஒருங்குறியில் இருக்கட்டும்.