முன்னமே சொல்லியிருக்கலாமே, உம்மா

ஆறாம் ஆண்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, இடைவேளை முடிகிற நேரம், அப்போது நான் படித்த பாடசாலையின் மலசலகூடத்தில் இரத்தத்தைக் கண்டேன். எனக்குப் பதினொரு வயது. எங்கேயோ வெட்டுப்பட்டிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். காயம் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் பயம் கூடிவிட்டது. அந்த வருடம் எங்கள் தெருவில் ஒரு மாமி புற்றுநோயால் மௌத்தாகியிருந்தார். எனக்கும் அதுதான் என்று முடிவு செய்துகொண்டேன். இரண்டு நாட்கள் யாரிடமும் சொல்லவில்லை. பழைய சோல் ஒன்றைக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். மூன்றாம் நாள் கழுவப் போட்ட உடுப்பைப் பார்த்து உம்மா கண்டுபிடித்தார்.

அதன்பின் நடந்ததை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. "யாரிடமும் சொல்லாதே, வெட்கம்" என்றார் உம்மா. அஸருக்கு முன் தெருவே அறிந்திருந்தது. மாமிமார் வந்தார்கள். சாச்சி சல்வார் துணி கொண்டுவந்தார். உம்மும்மா பச்சை முட்டையையும் நல்லெண்ணெயையும் கையில் தந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடி என்றார். பெரிய பிள்ளையாகிவிட்டாய் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு நடந்தது என்ன, இன்னும் எத்தனை நாட்கள், மறுபடியும் வருமா என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. அடுத்த மாதம் வரவில்லை. நோய் சுகமாகிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ் என்று சந்தோஷப்பட்டேன். அதற்கடுத்த மாதம் வந்துவிட்டது.

இந்தக் கதையை இப்போது எழுதக் காரணம் என் தங்கை. அவள் ஐந்தாம் ஆண்டில் படிக்கிறாள். "இவளுக்காவது முன்னமே சொல்லுங்கள்" என்று உம்மாவிடம் கேட்டேன். "புலமைப்பரிசில் முடியட்டும். இப்போதே அவளுடைய மனதைக் குழப்பாதே" என்றார். மாதவிடாய் பரீட்சைத் திணைக்களத்தின் நேரசூசியைப் பார்த்து வருவதில்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு 10 வயதுக்கும் 15 வயதுக்கும் இடையில் வருகிறது. சிலருக்கு 9 வயதிலும் வந்துவிடும். பாடத்தில் வரும்தானே என்று பெற்றோர் நினைக்கலாம். எங்கள் வகுப்பில் அந்தப் பாடம் வந்தபோது பலர் ஏற்கனவே பருவமடைந்திருந்தோம். ஆசிரியையும் "இதை வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள்" என்று இரண்டு பக்கங்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டார்.

இதைப் பேசாமல் இருப்பதை நம்மில் பலர் ஹயா என்று நினைக்கிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஹஜ்ஜுக்குப் போகும் வழியில் ஸரிஃப் என்ற இடத்தில் ஆயிஷா நாயகி (றழி) அவர்களுக்கு மாதவிடாய் வந்துவிட்டது. அவர்கள் அழுதுகொண்டிருந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் முகம் சுழிக்கவில்லை. காரணத்தைக் கேட்டறிந்து, இது ஆதமுடைய பெண் மக்களுக்கு அல்லாஹ் விதித்த ஒன்று என்று ஆறுதல் கூறி, தவாஃபைத் தவிர ஹஜ்ஜின் மற்றக் கிரியைகளைச் செய்யச் சொன்னார்கள். அன்ஸாரிப் பெண்கள் இந்த விடயங்களை நபியவர்களிடமே வந்து கேட்டார்கள். மார்க்கத்தைக் கற்க வெட்கம் அவர்களைத் தடுக்கவில்லை என்று ஆயிஷா நாயகி பின்னர் அவர்களைப் புகழ்ந்தார்கள். அந்தக் கேள்விகள் கேட்கப்பட்டதனால்தான் ஹைழின் சட்டங்கள் நம் கையில் இருக்கின்றன.

பருவமடைந்த நாளிலிருந்து ஒரு பிள்ளைக்குத் தொழுகையும் நோன்பும் கடமை. அந்தக் கடமையை எப்படிக் கணக்கிடுவது என்று தெரியாமல் அவள் என்ன செய்வாள்? எனக்கு ஐந்தாம் நாளே இரத்தம் நின்றுவிட்டது. ஆனால் ஏழாம் நாள் தண்ணீர் வார்க்கும் வழக்கம் என்று வீட்டில் காத்திருந்தார்கள். இரண்டு நாள் தொழுகை போய்விட்டது. நின்றவுடன் குளித்து அந்த வக்தைத் தொழ வேண்டும் என்பதை ஒன்பதாம் ஆண்டில் ஒரு மௌலவியா சொல்லித்தான் அறிந்தேன். ஷாபிஈ மத்ஹபில் ஹைழின் குறைந்த காலம் ஒரு பகலும் ஓர் இரவும், கூடிய காலம் 15 நாட்கள், வழமையானது 6 அல்லது 7 நாட்கள். விட்ட தொழுகைக்குக் கழா இல்லை, விட்ட நோன்புக்கு உண்டு. இவ்வளவையும் சொல்ல பத்து நிமிடம் போதும்.

உடம்பைப் பற்றிச் சொல்ல இன்னொரு பத்து நிமிடம். கருப்பையின் உட்புறத்தில் மாதந்தோறும் இரத்தம் நிறைந்த மெல்லிய படை ஒன்று உருவாகிறது. தேவைப்படாதபோது அது கரைந்து வெளியேறுகிறது. பார்ப்பதற்கு நிறையப் போல் தெரிந்தாலும், முழு நாட்களுக்கும் சேர்த்துச் சாதாரணமாக இரண்டு மூன்று மேசைக்கரண்டி இரத்தம்தான். அந்தப் படையை வெளியேற்றக் கருப்பை சுருங்குவதால் அடிவயிறு வலிக்கிறது. சுடுநீர்ப் போத்தலை வயிற்றில் வைத்துப் படுத்தால் எனக்குக் குறையும். முதல் ஒன்றிரண்டு வருடங்கள் ஒழுங்கில்லாமல் வருவது வழமை. பேட்டை நான்கு முதல் ஆறு மணித்தியாலத்துக்குள் மாற்ற வேண்டும். குளிக்கலாம், தலையும் கழுவலாம். உம்மும்மாவின் முட்டையைப் பற்றி ஒரு வார்த்தை: இரத்தம் போகிற பிள்ளைக்குச் சத்து வேண்டும் என்று அவர் நினைத்தது சரி. ஆனால் பச்சை முட்டையில் கிருமி இருக்கலாம். அவித்துத் தந்தால் மூக்கைப் பிடிக்கவும் தேவையில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். சட்டத்தில் 15 நாட்கள் என்று இருப்பதால் அதுவரை வீட்டில் காத்திருக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. 7 நாட்களுக்கு மேல் நீடித்தால், மணிக்கு ஒரு பேட் என்று நனைந்தால், வலியால் எழும்ப முடியாவிட்டால், 15 வயதாகியும் வராவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள். "கலியாணம் முடித்தால் சரியாகிவிடும்" என்ற மருந்தை எந்த வைத்தியரும் எழுதித் தருவதில்லை.

றமழானைப் பற்றி எழுதாமல் விட முடியாது. நோன்பு விடுபட்ட நாட்களில் நம் வீடுகளில் எத்தனை பிள்ளைகள் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று தண்ணீர் குடிக்கிறார்கள்! வாப்பா கண்டால், நாநா கண்டால் என்ற பயம். ஸஹருக்கும் எழும்பி நோன்பாளி போல் உட்கார்ந்து, பகல் முழுக்கப் பட்டினி கிடந்த கூட்டாளி எனக்கு இருக்கிறாள். அல்லாஹ் தந்த சலுகையை வாப்பாவுக்குப் பயந்து ஒளிக்கிறோம். எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. "உனக்குச் சோறு மூடி வைத்திருக்கிறேன், மகள்" என்று உம்மா சொல்வதை வீட்டு ஆண்கள் கேட்டுவிட்டால் என்ன குறைந்துவிடும்? வாப்பாமாரும் தெரிந்திருக்க வேண்டியதுதான் இது. கடைக்குப் போகும் வாப்பாவின் துண்டில் சீனி, பருப்புக்குக் கீழே பேட் என்றும் எழுதலாம். கஷ்டப் பிரதேசப் பாடசாலை மாணவிகளுக்கு 2024இல் அரசாங்கமே சுகாதாரத் துவாய் வாங்க 1,200 ரூபா வவுச்சர் கொடுத்தது. அரசாங்கம் வெட்கப்படவில்லை. கடைக்காரர் இன்னும் பழைய பத்திரிகையில் சுற்றித் தருகிறார்.

உம்மாவோடு மறுபடியும் பேசியபோது நான் வாதாடவில்லை. "உங்களுக்கு யார் சொல்லித் தந்தது, உம்மா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "எனக்கும் யாரும் சொல்லவில்லை. ஒரு கலியாண வீட்டில் வந்தது. மூன்று மணித்தியாலம் கதிரையை விட்டு எழும்பாமல் இருந்தேன்" என்றார். பிறகு, "நீயே சொல்லு. நான் பக்கத்தில் இருக்கிறேன்" என்றார்.

அன்று இரவு தங்கைக்கு ஒரு பேட்டைப் பிரித்துக் காட்டினேன். இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரை அதில் ஊற்றி, இவ்வளவுதான் என்றேன். வலிக்குமா என்று கேட்டாள். சிலருக்கு வலிக்கும், எனக்கு முதல் நாள் மட்டும் என்றேன். உம்மா கட்டிலின் ஓரத்தில் இருந்து, எனக்கு ஒருபோதும் சொல்லாத சில விடயங்களை அவளுக்குச் சொன்னார். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். சிறிய சிப் பை ஒன்றில் இரண்டு பேட்டும் ஓர் உள்ளாடையும் போட்டு அவளுடைய புத்தகப் பைக்குள் வைத்தோம்.

போன வாரம் அதைத் திறந்து பார்த்தேன். பேட் இரண்டும் அப்படியே இருந்தன. பக்கத்தில் ஓர் அழிறப்பரும் மூன்று டொபியும்.