போன வருடம் போட்ட பதிவுக்கு ஒரு திருத்தம்

பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிறுகுறிஞ்சானும் வெந்தயமும் சேர்ந்த ஒரு பானப் பொடியை 40 நாள் குடித்தேன், வெறும் வயிற்றுச் சர்க்கரை 168-லிருந்து 124-க்கு இறங்கியது, சர்க்கரை நோய் இதில் குணமாகும் என்று போன வருடம் எழுதியிருந்தேன். பலர் பகிர்ந்தீர்கள்.

என் அத்தை மகன் அதைப் படித்துவிட்டு, மாத்திரையை நிறுத்திப் பொடியை மட்டும் குடித்திருக்கிறார். நாலு மாதம் வீட்டில்கூடச் சொல்லவில்லை. கரும்புக் கொல்லையில் காலில் குத்திய முள் புண்ணாகி, ஆறாமல், கடைசியில் ஒரு விரலை எடுத்துவிட்டார்கள். பார்க்கப் போனேன். "வாத்தியார் மச்சான் சொன்னா தப்பா இருக்காதுன்னு நெனச்சேன்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

என்னிடம் ஏழாவது படித்தவர்களுக்கு அந்த இரண்டு செடித்தொட்டி ஞாபகம் இருக்கும். ஒன்று வெயிலில், ஒன்று இருட்டு அறையில். எதற்கு சார் ரெண்டு என்று கேட்பீர்கள். ஒன்றுதான் வைத்தால், எதனால் ஆனது என்று எப்படிச் சொல்வாய் என்பேன். அதே நான், என் உடம்பில் ஒரே தொட்டியை வைத்துத் தீர்ப்பு எழுதிவிட்டேன். அந்த 40 நாளும் தினம் காலையில் சர்க்கரை ஆலை வரை நடந்தேன். ராத்திரிச் சோற்றைப் பாதியாக்கினேன். டீயில் சர்க்கரையை விட்டேன். மாத்திரையையும் விடவில்லை. பேர் மட்டும் பொடிக்குப் போய்விட்டது.

சிறுகுறிஞ்சானை நான் பழிக்கவில்லை. இலையை மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டால் மண் மாதிரி இருக்கும், சின்ன வயதில் நாமெல்லாம் செய்த வேடிக்கைதான். அதன் சாற்றைச் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்த்து 1990-இல் வெளியிட்டார்கள். 22 பேர், தினம் 400 மில்லிகிராம், 18 முதல் 20 மாதம். அவர்களில் 5 பேர் மாத்திரையை நிறுத்த முடிந்தது. இதைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள், நானும் சொன்னேன். ஆனால் அவர்கள் மாத்திரையோடு சேர்த்துத்தான் அதைக் கொடுத்தார்கள். மீதி 17 பேருக்கு மாத்திரை தேவைப்பட்டது. சீட்டுக் குலுக்கி இரண்டு கூட்டமாகப் பிரித்துச் செய்த ஆய்வும் இல்லை அது. நம்பிக்கை தரும் தொடக்கம் என்று சொல்லலாம், அவ்வளவுதான்.

நாம் விழுங்கும் மெட்ஃபார்மினுக்கே பூர்வீகம் ஐரோப்பாவில் பூக்கும் ஒரு செடிதான். அதிலிருந்த சத்தை அடையாளம் கண்டு, நஞ்சு குறைந்த வடிவத்தைத் தேடி, மனிதருக்குக் கொடுத்துப் பார்த்து, அளவு கட்டி மருந்தாக்கினார்கள். பொடிக்காரர்கள் தாண்டிக் குதிப்பது இந்த நடுப்பகுதியைத்தான்.

முறையாகச் சோதித்ததும் நம் பக்கமே உண்டு. சென்னையில் டாக்டர் அ. இராமச்சந்திரன் குழு, சர்க்கரை எல்லையில் நின்ற 531 பேரைக் குலுக்கல் முறையில் நான்கு கூட்டமாகப் பிரித்தது. 2006-இல் முடிவு வந்தது. மூன்று வருடத்தில், சும்மா விட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது. சாப்பாட்டை மாற்றி நடந்தவர்களில் 39 பேருக்கு. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிட்டவர்களில் 40 பேருக்கு. நடையும் சாப்பாடும் மாத்திரைக்கு ஈடாக நின்றிருக்கிறது! ஆனால் அது நோய் வருமுன் நிற்பவர்களுக்கு. வந்தவர்கள் நடக்கவும் வேண்டும், மாத்திரையும் வேண்டும்.

இன்னொன்று. சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று மருந்தை விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. நான் வாங்கிய பொட்டலத்தை எடுத்துப் பார்த்தேன். 'ஆரோக்கியத்துக்குத் துணை' என்றுதான் போட்டிருந்தது. குணமாகும் என்று எழுதியவன் நான்தான்.

வெந்தயம், பாகற்காய், வரகு எல்லாம் சாப்பாடாகச் சாப்பிடுங்கள், நானும் சாப்பிடுகிறேன். புதிதாக ஏதாவது பொடியோ பானமோ தொடங்கினால் டாக்டரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயக்கம் வரவும் கூடும். ஒரு நாள் காலை ரத்தப் பரிசோதனையை வைத்துக் கொண்டாடாதீர்கள். மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி பாருங்கள்.

பழைய பதிவை நேற்று நீக்கிவிட்டேன். குடும்பக் குழுவிலும் 'எறையூர் பள்ளி' குழுவிலும் அதன் நகல் இன்னும் சுற்றுகிறது. யாரிடம் இருந்தாலும் அழித்துவிட்டு, யாருக்கு அனுப்பினீர்களோ அவர்களுக்கு இதையும் அனுப்புங்கள். அதைப் படித்து மாத்திரையை விட்டவர்கள் இருந்தால், வெட்கப்படாமல் எனக்குப் போன் செய்யுங்கள். கூடவே வருகிறேன், டாக்டரைப் பார்ப்போம்.