மாணவர் பகுதி: வேலிக்குள் ஒரு கணக்கு

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இருபடிச் சமன்பாட்டின் சூத்திரம் தலைகீழ்ப் பாடம். ஆனால் அதில் வர்க்கமூலக் குறிக்குள் இருக்கும் தன்மைக்காட்டி எதற்கு என்று கேட்டால் பலர் விழிக்கிறார்கள். பெற்றோரும், "பரீட்சையில் வரும், எழுதிவிடு" என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள்.

சலாலாத் தோட்டம் ஒன்றில் வாழைக்கன்றுகளைச் சுற்றி 20 மீட்டர் கம்பிவலையால் செவ்வகமாக வேலி போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். நீளமும் அகலமும் சேர்ந்து 10 மீட்டர். உள்ளே 21 சதுர மீட்டர் வேண்டும். நீளத்தின் வர்க்கத்திலிருந்து நீளத்தின் 10 மடங்கைக் கழித்து 21-ஐக் கூட்டினால் பூஜ்யம், இதுதான் சமன்பாடு. தன்மைக்காட்டி, 10-இன் வர்க்கமான 100-இல் 21-இன் நான்கு மடங்கான 84 போக, 16. அதன் வர்க்கமூலம் 4. பத்துடன் நான்கைக் கூட்டிப் பாதியாக்க 7. கழித்துப் பாதியாக்க 3.

7-க்கும் 3-க்கும் வித்தியாசம் 4. அதன் வர்க்கமே அந்த 16! வர்க்க உறுப்பின் கெழு 1 ஆக இருக்கும்போது, தன்மைக்காட்டி என்பது இரு விடைகளின் வித்தியாசத்தின் வர்க்கம்தான். இது மனத்தில் பதிந்தால் மற்றவை தாமே வரும். 25 சதுர மீட்டர் கேட்டால் தன்மைக்காட்டி 0. வித்தியாசமே இல்லை; பக்கம் 5 கொண்ட சதுரம். 26 கேட்டால் −4. எந்த மெய்யெண்ணின் வர்க்கமும் குறை எண் ஆகாது. ஆகவே அந்த வேலிக்குள் 26 அடங்காது. மேல்வகுப்பில் கற்பனை எண்கள் வரும், உண்மைதான். அவற்றைக் கொண்டு வேலி கட்ட இயலாது.

இதே 10, 21 என்ற எண்களை ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் அல்-குவாரிஸ்மி எடுத்துக்காட்டாகத் தந்தார். பத்தில் பாதியை வர்க்கமாக்குங்கள்; அது கொடுத்த எண்ணைவிடக் குறைந்தால் கணக்கே நடவாது என்பது அவர் விதி. அல்ஜீப்ரா என்ற சொல்லும் அவர் நூலின் தலைப்பிலுள்ள 'அல்-ஜப்ர்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்ததே.

நம் பாஸ்கராசாரியார் 1150-இல் ஒரு குரங்குக் கணக்குப் போட்டார். கூட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கில் மூன்றைக் குறைத்து, அதன் வர்க்கம் குகைக்குள் போயிற்று. மீதி ஒன்று கிளையில். தன்மைக்காட்டி 2025, விடைகள் 50, 5. ஐந்தை அவர் தள்ளிவிட்டார். ஐந்தில் ஒரு பங்கு ஒரே குரங்கு. அதில் மூன்றை எப்படிக் குறைப்பது? விடை எத்தனை என்பதைத்தான் தன்மைக்காட்டி சொல்லும். எது பொருந்தும் என்பதைக் கணக்குப் போடுபவர்தான் பார்க்க வேண்டும்.