நாள் தள்ளிய பிறகு தொடங்கினால் தாமதம்: ஃபோலிக் ஆசிட் மாத்திரை யாருக்கு, எப்போது, எவ்வளவு?

கார்த்திகை தீபத் திருவிழாவின்போது திருவண்ணாமலை மாட வீதிகளில் கரும்புத் தொட்டில்களைப் பார்க்கலாம். குழந்தை வரம் வேண்டிக்கொண்ட தம்பதிகள், பிள்ளை பிறந்ததும் கரும்பில் சேலையைத் தொட்டிலாகக் கட்டிச் சுமந்து வருவார்கள். ஃபோலிக் ஆசிட் மாத்திரையைத் தொடங்க வேண்டிய காலம், அப்படி வேண்டிக்கொள்ளும் நாள்தான். நடைமுறையிலோ, 'உண்டாயிருக்கா' என்று உறுதியான பிறகே மாத்திரை வீட்டுக்குள் வருகிறது.

அதில் என்ன தப்பு? கருவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழாய், கருத்தரித்த 28 நாட்களுக்குள் மூடிவிடும். கணக்குப் போட்டால், நாள் தள்ளிப் போய் இரண்டு வாரம்கூடத் தாண்டியிருக்காது. பலருக்கு அப்போதுதான் சந்தேகமே வரும். கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்து மாத்திரை வாங்குவதற்குள் அந்தக் கதவு அடைபட்டிருக்கும். குழாய் சரியாக மூடாவிட்டால் முதுகுத் தண்டில் திறப்பு இருக்கலாம். மண்டை ஓடும் மூளையும் முழுதாக வளராமலும் போகலாம்.

இதற்கான உறுதியான ஆதாரம் 1991-ல் வந்தது. ஏற்கெனவே இப்படிப் பாதிக்கப்பட்ட கருவைச் சுமந்த பெண்களிடம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஏழு நாடுகளில் நடத்திய ஆய்வு அது. கருத்தரிக்கும் முன்பிருந்தே ஃபோலிக் ஆசிட் எடுத்தவர்களிடம், குறைபாடு மீண்டும் வருவது 72 சதவீதம் குறைந்தது. (இந்த வைட்டமின் கதையில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. 1920-களின் இறுதியில் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ், கர்ப்பிணிகளின் ஒருவகை ரத்தசோகை ஈஸ்ட் சாறால் குணமாவதைக் கண்டறிந்தார். அந்தச் சாற்றில் இருந்தது ஃபோலேட் என்பது பிறகுதான் தெரிந்தது.)

கருத்தரிக்க முயலும் நாளிலிருந்து 12-வது வாரம் வரை தினமும் 400 மைக்ரோகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அரசுத் திட்டம் எங்கே இடறுகிறது? நான்காம் மாதத்திலிருந்து தரப்படும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிடும் இருக்கின்றன. ரத்தசோகைக்கு அது அவசியம், நரம்புக் குழாய்க்கு ரொம்ப லேட். கர்ப்பத்துக்கு முன் வளரிளம் பெண்களுக்கும் மற்ற பெண்களுக்கும் வாரம் ஒரு மாத்திரை என்கிறது 2018-ல் தொடங்கிய 'அனீமியா முக்த் பாரத்'. அதிலும் 500 மைக்ரோகிராம்தான். வாராந்திர மாத்திரைக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 2,800. இந்த வித்தியாசம் போதிய அளவு பேசப்படவில்லை.

"ரேஷன் அரிசியிலேயே கலந்திருக்காமே?" என்று கேட்கலாம். செறிவூட்டிய அரிசியில் கிலோவுக்கு 75 முதல் 125 மைக்ரோகிராம் சேர்க்க வேண்டும் என்பது தர நிர்ணயம். நாளுக்கு 400 கிராம் சாப்பிட்டாலும் கிடைப்பது 30 முதல் 50 மைக்ரோகிராம். முருங்கைக்கீரையும் பச்சைப்பயறும் நல்லவைதான். ஆனால் வேகும்போது ஃபோலேட்டில் ஒரு பங்கு போய்விடும்.

அடுத்த சிக்கல் மருந்துக் கடையில். சாதாரணமாகக் கிடைப்பது 5 மில்லிகிராம் மாத்திரை, அதாவது 400 மைக்ரோகிராமைப் போல 12 மடங்குக்கு மேல். முந்தைய கருவில் நரம்புக் குழாய்க் குறைபாடு இருந்தவர்களுக்கும், வலிப்புக்காக வால்புரோயேட் போன்ற மருந்து சாப்பிடுபவர்களுக்கும் மருத்துவர் தெரிந்தேதான் அதை எழுதுவார். மற்றவர்கள் சீட்டில் இருக்கும் அளவைக் கடைக்காரரிடம் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும்.

கூடுதல் அளவு உடனே விஷமாகிவிடாது. சிறுநீரில் பெரும்பகுதி வெளியேறிவிடும். பயம் வேறு இடத்தில் இருக்கிறது. பி12 குறைபாட்டால் வரும் ரத்தசோகையை ஃபோலிக் ஆசிட் சரிசெய்துவிடும், நரம்புப் பாதிப்பைத் தடுக்காது. ரத்தப் பரிசோதனை நன்றாகத் தெரியும், கால் மரத்துப்போவது மட்டும் தொடரும். சைவ உணவுக்காரர்களும் வயதானவர்களும் மாதக்கணக்கில் 5 மில்லிகிராம் விழுங்கும் முன் பி12 அளவைப் பார்ப்பது நல்லது. மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுபவர்களும் மருத்துவர் குறித்த நாளில் மட்டுமே ஃபோலிக் ஆசிட் எடுக்க வேண்டும்.

"மாத்திரை போட்டா குமட்டுது, மலம் கறுப்பாப் போகுது" என்று நிறுத்துபவர்கள் உண்டு. அது இரும்பின் வேலை. கருத்தரிக்கும் முன் சாப்பிடும் தனி ஃபோலிக் ஆசிட் மாத்திரையில் இரும்பு கிடையாது.