இருதய நோயும் நம்முடைய தீர்ப்புகளும்



நாற்பது வயதைத் தாண்டாத ஒருவர் மாரடைப்பால் மரித்துவிட்டால், துக்க வீட்டில் கண்ணீரோடு ஒரு விசாரணையும் தொடங்கிவிடுகிறது. "உணவில் கட்டுப்பாடு இல்லை" என்கிறார் ஒருவர். "ஜெபக் கூட்டத்திற்கு ஒழுங்காக வந்திருந்தால்..." என்று இழுக்கிறார் இன்னொருவர். "தகப்பனாரும் இப்படித்தான் போனார், அந்தக் குடும்பத்தின் மேல் ஏதோ சாபம் இருக்கிறது" என்று தாழ்ந்த குரலில் தீர்ப்பும் வாசிக்கப்படுகிறது. பிறவியிலேயே பார்வையற்றிருந்த மனிதனைக் கண்டபோது சீஷர்கள் கேட்டதும் இத்தகைய கேள்வியே. குற்றம் அவனுடையதும் அல்ல, அவனைப் பெற்றவர்களுடையதும் அல்ல என்று ஆண்டவர் மறுத்தார். ஆயினும் அந்தக் கேள்வி இன்னும் நம் நாவைவிட்டு அகலவில்லை.

அதனால் இவ்வாரம், ஓர் ஆய்வுக்கூடத்தில் நடந்த தேடலை உங்கள் முன் வைக்கிறேன்.

அமெரிக்காவின் டாலஸ் நகரில், டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில், மைக்கேல் பிரௌன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் என்னும் இரு மருத்துவர்கள் 1970களின் தொடக்கத்தில் ஒரு பரம்பரை நோயின் காரணத்தைத் தேடினார்கள். அந்நோய் உள்ளவர்களின் இரத்தத்தில் கொலஸ்ட்ரால் பிறப்பிலிருந்தே மிகுந்திருக்கும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணுவைப் பெறும் குழந்தைகள் மிகச் சிலரே. அவர்களுக்குப் பள்ளிப் பருவத்திலேயே மாரடைப்பு வரக்கூடும். புகைத்தறியாத, குடித்தறியாத சிறு பிள்ளைகள் அவர்கள். அவர்களைப் பார்த்து "என்ன பாவம் செய்தாயோ" என்று கேட்க எவருக்குத் துணிவு வரும்?

அவ்விருவரும் நோயாளிகளின் தோலிலிருந்து செல்களை எடுத்துக் கண்ணாடித் தட்டுகளில் வளர்த்தார்கள். நம் செல்கள் தமக்கு வேண்டிய கொலஸ்ட்ராலைத் தாமே உண்டாக்க வல்லவை. ஆனால் எல்.டி.எல். என்னும் துகள்களின் வழியே இரத்தத்திலிருந்து போதுமான கொலஸ்ட்ரால் கிடைத்தால், உள்ளே உற்பத்தியை நிறுத்திக்கொள்ளும். நலமானவரின் செல்கள் அவ்வாறே நிறுத்தின. நோயாளியின் செல்களோ, சுற்றிலும் எல்.டி.எல். நிறைந்திருந்தும் உற்பத்தியை நிறுத்தவில்லை. உள்ளிருக்கும் இயக்கமே கெட்டுவிட்டதா? கொலஸ்ட்ராலை மதுசாரத்தில் கரைத்து, எல்.டி.எல். துணையின்றி நேரடியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். நோயாளியின் செல்களும் உற்பத்தியைக் குறைத்தன! உள்ளே பழுதில்லை, எல்.டி.எல். நுழைவதற்கான வாசல்தான் இல்லை. 1974ஆம் ஆண்டில், கதிரியக்க அடையாளமிட்ட எல்.டி.எல். துகள்களைக் கொண்டு இதை உறுதி செய்தார்கள். நலமான செல்களின் மேற்பரப்பில் அத்துகள்களைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் இருந்தன. அந்தக் குழந்தைகளின் செல்களில் அவை செயல்படவில்லை. ஈரலால் அகற்றப்பட வேண்டிய கொலஸ்ட்ரால் இரத்தத்திலேயே தேங்கி, இருதயத் தமனிகளின் சுவரில் படிந்தது. இக்கண்டுபிடிப்புக்காக 1985இல் இருவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

பிரியமானவர்களே, "குடும்பச் சாபம்" என்று நாம் முணுமுணுத்தது இதுவாகவே இருந்திருக்கலாம். ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பழுதான மரபணுவைப் பெற்றவர்கள், ஏறக்குறைய 250 முதல் 300 பேருக்கு ஒருவர் வீதம் உலகெங்கும் இருக்கிறார்கள். சிகிச்சையின்றி விட்டால், அவர்களுள் பலருக்கு முப்பது, நாற்பது வயதுகளிலேயே இருதயம் பாதிக்கப்படும். 600 பேர் கூடும் ஒரு சபையில் இத்தகையோர் இருவராவது அமர்ந்திருக்கக்கூடும். பக்தியில் அவர்கள் நம்மில் குறைந்தவர்கள் அல்லர்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதே டாலஸ் நகரில் ஹெலன் ஹாப்ஸ், ஜொனதன் கோஹன் ஆகியோர், பி.சி.எஸ்.கே.9 என்னும் மரபணுவில் ஒரு மாற்றத்தோடு பிறந்த சிலரைக் கண்டறிந்தார்கள். 2006இல் வெளியான அவர்களது ஆய்வின்படி, அம்மாற்றம் உள்ள அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கு எல்.டி.எல். 28 சதவீதமும், இருதயத் தமனி நோய் 88 சதவீதமும் குறைவாக இருந்தன. இந்தப் பாதுகாப்பை அவர்கள் உழைத்துச் சம்பாதிக்கவில்லை, பிறக்கும்போதே பெற்றுக்கொண்டார்கள். ஒருவர் குற்றமின்றி நோயைச் சுமக்கிறார். இன்னொருவர் தகுதியின்றி நலத்தை அனுபவிக்கிறார். அப்படியிருக்க, எழுபது வயதிலும் திடமாய் நடக்கிறவர் நோயுற்ற சகோதரனுக்கு நியாயாதிபதியாவது எப்படி? அவருக்குத் தகுந்தது நன்றியறிதலே.

பழக்கவழக்கங்கள் முக்கியமல்ல என்று நான் சொல்லவில்லை. புகையிலையும், கட்டுப்படாத சர்க்கரையும், உயர்ந்த இரத்த அழுத்தமும் தமனிகளைக் கெடுக்கின்றன. அவற்றை விட்டுவிலகுவதும் அடக்குவதும் நம் கடமை. ஆனால் அது அவரவர் தம்மைத்தாமே ஆராய்வதற்கான அளவுகோல். பிறருடைய சவப்பெட்டியின் அருகே நின்று எடுத்து அளப்பதற்கு அல்ல.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். "ஜெபித்துவிட்டோம், இனி மாத்திரை எதற்கு?" என்று மருந்தை நிறுத்துவதை நான் விசுவாசம் என்று எண்ணவில்லை. ஜப்பானிய அறிவியலாளர் அகிரா எண்டோ, ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து, 1973இல் ஒரு பூஞ்சையில் கொலஸ்ட்ரால் உற்பத்தியைத் தடுக்கும் பொருளைக் கண்டெடுத்தார். ஸ்டாட்டின் மாத்திரைகளின் தொடக்கம் அதுவே. அம்மருந்து உற்பத்தியைத் தடுக்கும்போது, ஈரல் தன் தேவைக்காக மேலும் பல ஏற்பிகளை உண்டாக்கி இரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலை இழுத்துக்கொள்கிறது. பழுதுபட்ட மரபணு ஒன்று இருந்தாலும், மீந்திருக்கும் நல்ல மரபணு அதிகமாய் உழைக்கிறது. சிருஷ்டிகர் உடலுக்குள் வைத்த வழியை இம்மாத்திரை விரிவாக்குகிறது. அதை உட்கொள்வது அவரை மறுதலிப்பதாகுமா? வட ஐரோப்பிய நாடுகளில் இருதய நோயாளிகள் 4,444 பேரிடம் நடத்தி 1994இல் வெளியிடப்பட்ட ஆய்வில், இவ்வகை மருந்து மரணங்களை 30 சதவீதம் குறைத்தது. அந்த எண்ணிக்கைக்குள் எத்தனை தகப்பன்மார், எத்தனை தாய்மார் என்று எண்ணிப் பாருங்கள்.

எசேக்கியா ராஜாவுக்குச் சுகம் வாக்களித்த ஏசாயாவே, அவனுடைய புண்ணின்மேல் அத்திப்பழ அடையை வைக்கவும் சொன்னான். வாக்குத்தத்தமும் மருந்தும் ஒரே தீர்க்கதரிசியின் வாயிலிருந்து வந்தன. நாம் ஏன் அவற்றைப் பிரிக்க வேண்டும்? மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களில் கொலஸ்ட்ரால் பழைய அளவுக்குத் திரும்பும்; வலியோ எச்சரிக்கையோ இராது. ஆகவே, மருந்தைக் குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவரின் ஆலோசனையோடு மட்டுமே நடக்கட்டும். மருந்தால் தசைவலி முதலிய தொல்லைகள் உண்டானாலும் அவரிடமே சொல்லுங்கள். வேறு வழிகள் இருக்கின்றன.

உங்கள் குடும்பத்தில் எவரேனும் இளவயதில் மாரடைப்பால் மரித்திருந்தால், அதை மறைக்க வேண்டாம். மருத்துவரிடம் சொல்லி, இரத்தத்தில் கொலஸ்ட்ராலின் அளவைப் பரிசோதியுங்கள். குதிகால் நரம்பிலோ விரல் முட்டிகளிலோ தடித்த கட்டிகள் இருந்தால் காட்டுங்கள். பெற்றோருள் ஒருவருக்கு இக்குறை இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்குப் பாதி வாய்ப்பு உண்டு. ஆதலால் பிள்ளைகளையும் உடன்பிறந்தோரையும் அழைத்துச் செல்லுங்கள். சாபம் என்று அஞ்சி மூடிவைத்தால் அடுத்த தலைமுறையும் புதைகுழிக்கு முந்திச் செல்லும். நோய் என்று அறிந்து வெளிப்படுத்தினால் அவர்கள் பிழைத்திருப்பார்கள்.

அடுத்த முறை துக்க வீட்டுக்குச் செல்லும்போது, தீர்ப்புகளை வாசலுக்கு வெளியே விட்டுவிட்டு உள்ளே போவோம். அந்த விதவையின் அருகே அமர்ந்து, அழுகிறவளோடு அழுவோம். பின்பு தக்க வேளை பார்த்து, "பிள்ளைகளுக்கு ஒரு இரத்தப் பரிசோதனை செய்துவிடுவோமா? நானும் கூட வருகிறேன்" என்று கேட்போம்.

ஜெபம்: எங்களை உருவாக்கின பிதாவே, எங்கள் இருதயத்தின் மறைவான வாசல்களையும் நீர் அறிந்திருக்கிறீர். நோயுற்றோரை நியாயந்தீர்க்கிற கடினத்தை எங்களிடமிருந்து நீக்கும். உமது கிருபையால் ஆய்வாளரும் மருத்துவரும் கண்டறிந்த நன்மைகளைத் தாழ்மையோடு ஏற்றுக்கொள்ள எங்களுக்குக் கற்றுத்தாரும். இளவயதில் அன்பானவர்களை இழந்த வீடுகளைத் தேற்றும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், ஆமென்.