கூட்டுக் குடும்பமா, தனிக்குடித்தனமா?

1992 ஜனவரியில் கம்ப்யூட்டர் வழியாக ஒரு சண்டை நடந்தது. ஒரு பக்கம் ஆம்ஸ்டர்டாம் பேராசிரியர் ஆண்ட்ரூ டேனன்பாம். எதிர்ப்பக்கம் 22 வயது ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ். 'எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டியிருக்கிறாய், இது பழைய பாணி. என்னிடம் படித்திருந்தால் நல்ல மார்க் கிடைத்திருக்காது' என்கிற ரீதியில் வெளுத்து வாங்கினார் பேராசிரியர். அந்த மூட்டையின் பெயர் லினக்ஸ். இன்றைக்கு உங்கள் சட்டைப்பையில் ஆண்ட்ராய்டு போன் இருந்தால், அதன் அடியில் ஓடுவது அதுதான்! (மார்க்கை நம்பாதீர்கள் என்று பி.காமில் ஜஸ்ட் பாஸான நான் சொன்னால் எடுபடாது.)

சரி, நமக்கென்ன என்று இருக்க விடவில்லை, கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் அண்ணாச்சி.

"தம்பி, ரெண்டு பேர் வந்துட்டுப் போனானுங்க. ஒருத்தன் எல்லாம் ஒரே புரோகிராம்ங்கறான். இன்னொருத்தன் பில்லுக்குத் தனி, சரக்குக்குத் தனி, வசூலுக்குத் தனி, வரிக்குத் தனிங்கறான். ஒண்ணு படுத்தாலும் மத்தது ஓடுமாம். தீபாவளி நேரத்துல பில்லு நின்னா மேலூர்க்காரன் பக்கத்துக் கடைக்குப் போயிடுவான். எதை வாங்க?"

நியாயமான பயம். கூட்டுக் குடும்பத்தில் ஒருவருக்கு ஜுரம் என்றால் வீடே படுத்துவிடும். ஆனால் தனிக்குடித்தனத்தில் ஊறுகாய் வேண்டுமென்றாலும் போன் போட வேண்டும். போனை எடுக்கவில்லை என்றால்? துவரம்பருப்பு மூட்டை பில்லில் விற்றுப் போயிருக்கும். சரக்குக் கணக்கிலோ இன்னும் குடோனில் உட்கார்ந்திருக்கும்.

பெரிய கம்பெனிகளுக்கே இந்தத் தலைவலி உண்டு. அமேசானில் வீடியோ தரத்தைக் கண்காணிக்கும் குழு ஒன்று, துண்டு துண்டாக வைத்திருந்த வேலையை ஒரே புரோகிராமாகச் சேர்த்ததில் செலவு 90 சதவிகிதத்துக்கு மேல் குறைந்தது என்று 2023-ல் எழுதியது.

அப்படியானால் பிரிக்கவே கூடாதா? டேவிட் பார்னஸ் என்பவர் 1972-லேயே ஒரு வழி சொன்னார். வேலை நடக்கிற வரிசையைப் பார்த்து வெட்டாதே. நாளைக்கு எது மாறும் என்று பார், அதை ஒரு அறைக்குள் வைத்துப் பூட்டு.

அண்ணாச்சி கடையில் அடிக்கடி மாறுவது எது? வரிதான். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. 2025 செப்டம்பர் 22-ல் நெய்க்கு 12 சதவிகிதம் போய் 5 ஆனது. விகிதத்தை நாலு புரோகிராமில் நாலு இடத்தில் எழுதி வைத்திருந்தால், பில்லில் 5, ரிட்டர்னில் 12. நோட்டீஸ் வீடு தேடி வரும்.

"ஒரே புரோகிராமே வாங்குங்க அண்ணாச்சி. உங்க கடைக்கு அது போதும். ஆனா நெய்க்கு வரி மாறினா எத்தனை இடத்துல திருத்தணும்னு கேளுங்க."

உடனே ஸ்பீக்கரில் போட்டார். தனிக்குடித்தனக்காரர், "வரி புரோகிராம்ல ஒரே இடம்தான் சார். என்ன, நாலுக்கும் வருஷா வருஷம் தனித்தனியா சந்தா கட்டணும்" என்றார். அண்ணாச்சி முகம் சுருங்கியது. கூட்டுக் குடும்பக்காரர் கொஞ்ச நேரம் எண்ணிவிட்டு, "பதினோரு இடம் சார்" என்றார்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். பிறகு போனைப் பார்த்து, "அதை ஒண்ணாக்கிட்டு வாங்க தம்பி, அட்வான்ஸ் தர்றேன்" என்றார்.