ரயில் போன வழியை மறந்துவிட வேண்டாம்



நாட்றம்பள்ளி, திருப்பத்தூர், பர்கூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் உள்ள உங்கள் வீட்டில் தொண்ணூறு வயதைத் தொட்ட பெரியவர் யாரேனும் இருந்தால், இன்று சாயங்காலம் அவர் கட்டில் பக்கத்தில் ஒரு பத்து நிமிடம் உட்காருங்கள். "தாத்தா, திருப்பத்தூர்ல இருந்து கிருஷ்ணகிரிக்கு ஒரு சின்ன ரயில் ஓடுச்சாமே, பாத்திருக்கீங்களா? எந்தப் பக்கமா போச்சு?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். கைப்பேசியில் பதிவு செய்தால் இன்னும் நல்லது. எங்கள் வேண்டுகோளில் முதலாவது இதுதான், அவசரமானதும் இதுதான். அந்த ரயில் நின்றது 1941-ல். அன்று ஐந்தாறு வயதுப் பிள்ளையாக நின்று கை காட்டியவருக்கு இன்று தொண்ணூறு ஆகிறது. கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டால் இன்னும் சில வருடங்களில் பதில் சொல்ல ஆள் இருக்க மாட்டார்கள்.

நாங்கள் நாட்றம்பள்ளியிலும் சுற்றுக் கிராமங்களிலும் இருப்பவர்கள். எங்களில் பள்ளி ஆசிரியர்கள் உண்டு, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள் உண்டு, மாந்தோப்பு வைத்திருப்பவர்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் சேர்ந்து சைக்கிள் ஓட்டுவதுதான் எங்களைச் சேர்த்த பழக்கம். நாட்றம்பள்ளிக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தள்ளிப் போன அந்தப் பழைய ரயில் பாதையில், இன்னும் அரசு நிலமாக மிஞ்சியிருக்கும் துண்டுகளைக் கண்டுபிடித்து, மரநிழல் உள்ள சைக்கிள் வழியாக மாற்ற வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறோம்.

அந்தப் பாதையின் கதை நம்மில் பலருக்குத் தெரியாது. எங்களுக்கே சமீபத்தில்தான் தெரியும். 1876 முதல் 1878 வரை வந்த தாது வருஷப் பஞ்சத்தில் அன்றைய சேலம் மாவட்டம் மிகக் கொடுமையாக அடிபட்டது. திருப்பத்தூரும் கிருஷ்ணகிரியும் அப்போது அந்த மாவட்டத்தின் வட்டங்கள். திருப்பத்தூர் வட ஆர்க்காட்டோடு சேர்ந்தது 1911-ல்தான். ரயில் வந்து சேர்ந்த ஊர்களுக்கு வெளியிலிருந்து தானியம் வந்தது. ரயில் இல்லாத உள்நாட்டுக்கு மாட்டு வண்டியில்தான் போக வேண்டும், மாடுகளோ தீவனமில்லாமல் செத்துக்கொண்டிருந்தன. அதற்குப் பிறகு அமைந்த பஞ்சக் குழு, வறண்ட வட்டாரங்களுக்கு ரயில் போட வேண்டும் என்று 1880-ல் பரிந்துரைத்தது. அந்த யோசனையின் வழியில் வந்தவைதான் 1905-ல் திறந்த திருப்பத்தூர் – கிருஷ்ணகிரி பாதையும், 1906-ல் திறந்த மொரப்பூர் – தருமபுரிப் பாதையும். இரண்டாவது பாதை 1913-ல் ஓசூர் வரை நீண்டது.

நம்முடையது ஏறத்தாழ 25 மைல். தண்டவாளங்களுக்கு இடையே அகலம் இரண்டரை அடிதான். இன்றைய அகலப்பாதை ஐந்தரை அடி. ஒரு சின்னப் பிள்ளை இரண்டு கையையும் விரித்தால் இரண்டு தண்டவாளத்தையும் தொட்டுவிடும். முப்பத்தாறு வருடம் அந்தக் குட்டி ரயில் ஓடியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இரண்டு பாதைகளும் மூடப்பட்டன, தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. சுதந்திரம் வந்தது, மாவட்டங்கள் பிரிந்தன, 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டத் தலைநகரும் ஆனது. ஆனால் 1905-ல் ரயில் பார்த்த அந்த ஊருக்குள் 1941-க்குப் பிறகு ரயில் வரவே இல்லை.

சென்ற தை மாதம் எங்களில் ஏழு பேர் அந்தத் திசையில் சைக்கிளில் போனோம். ஒரு கொல்லை ஓரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா, "ரயிலு போன மேடுன்னு எங்க மாமியா சொல்லும்" என்று கையை நீட்டிக் காட்டினார். இரண்டு பக்கமும் மல்லாட்டைக் கொல்லை. நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மேடு, மாட்டு வண்டி போகும் அகலம், வளைவே இல்லாமல் நேராகப் போகிறது. மேட்டின் மேல் ஆவாரஞ்செடி பூத்துக் கிடந்தது. இருநூறு அடி நடந்தோம். அப்புறம் சீமைக்கருவேல முள், அதைத் தாண்டி ஒரு கம்பி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் மேடே இல்லை, சமமாக உழுத நிலம். அது ரயில் மேடுதானா, அகலமான பழைய வரப்பா என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்துவிட முடியாது. கிராம வரைபடமும் புலப்படமும் 'அ' பதிவேடும் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகமும்தான் அதைச் சொல்ல வேண்டும். ஆனால் அன்று அந்த வேலிக்கு முன்னால் நின்றபோது எங்களுக்கு ஒன்று புரிந்தது. ஆள் நடமாட்டம் நின்ற வழியை முதலில் முள் எடுத்துக்கொள்கிறது, பிறகு வேலி வருகிறது, அதன் பிறகு அங்கே ஒரு வழி இருந்தது என்பதே யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. எண்பது வருடம் இது நடந்திருக்கிறது. மிச்சம் இருப்பதைக் காப்பாற்ற ஒரே வழி, அதில் மனிதர்கள் மறுபடி போக வர ஆரம்பிப்பது.

விவசாயம் செய்கிறவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்கிறோம். யாருடைய பட்டா நிலத்தையும் நாங்கள் கேட்கவில்லை. இரண்டு தலைமுறை, மூன்று தலைமுறை உழுது கிணறு வெட்டிப் பயிர் வைத்த நிலத்தைப் பழைய வரைபடத்தைக் காட்டிப் பிடுங்குவது நியாயம் இல்லை; அப்படி யாராவது பேசினால் நாங்கள் உங்கள் பக்கம் நிற்போம். புறம்போக்காக மிஞ்சியிருக்கும் துண்டுகள் மட்டுமே போதும். இடையில் விட்டுப்போன இடங்களில் பஞ்சாயத்து ரோடும் ஏரிக்கரையும் வண்டிப் பாதையும் இருக்கின்றன. சுற்றிப் போனால் ஒன்றும் குறைந்துவிடாது.

ரயிலே வேண்டும் என்கிறவர்கள் கோபப்படலாம். ஜோலார்பேட்டையிலிருந்து கிருஷ்ணகிரி வழியாக ஓசூருக்குப் புதிய பாதை வேண்டும் என்பது பல வருடக் கோரிக்கை, ஆய்வுகளும் நடந்திருக்கின்றன. அந்தக் கோரிக்கையில் எங்கள் கையெழுத்தும் இருக்கிறது. ரயில் வந்தால் முதலில் மகிழப் போகிறவர்கள் நாங்கள். பழைய நிலத்தின் ஏதாவது ஒரு பகுதி ரயிலுக்குத் தேவைப்பட்டால், சைக்கிள் வழி அந்த இடத்தில் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் 1983-லேயே இதற்குச் சட்டம் செய்தார்கள்: மூடிய ரயில் பாதையைத் துண்டு துண்டாக விற்றுவிடாமல் நடைபாதையாகவும் சைக்கிள் பாதையாகவும் வைத்திருப்பது, பின்னால் ரயில் தேவைப்பட்டால் அதே நிலத்தில் மறுபடி தண்டவாளம் போடுவது. நமக்கு 1941-ல் அப்படி ஒரு ஏற்பாடு இருந்திருந்தால் இன்று ஒவ்வொரு சர்வே நம்பராகத் தேட வேண்டி வந்திருக்காது.

சிங்கப்பூரில் நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை போன மலாயா ரயில் பாதை 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு நின்றது. சுமார் 24 கிலோமீட்டர், ஒரு அடி மண்ணுக்கும் பொன் விலை சொல்லும் ஊர். கட்டடம் கட்ட விற்றிருந்தால் கோடி கோடியாக வந்திருக்கும். ஆனால் அதற்கு முந்தைய வருடமே அங்குள்ள இயற்கைச் சங்கம், பாதையைத் துண்டாக்காமல் பசுமை வழியாக வையுங்கள் என்று அரசிடம் யோசனை கொடுத்தது. மக்கள் சேர்ந்து கேட்டார்கள். அரசும் காது கொடுத்தது. இன்று புக்கிட் தீமாவின் பழைய ஸ்டேஷன் பக்கம் காலையில் நடப்பவர்களும் சைக்கிள் ஓட்டுபவர்களும் போகிறார்கள். இரும்புப் பாலங்களும் அப்படியே இருக்கின்றன. நியூஸிலாந்தின் ஒடாகோவில் 1990-ல் மூடிய பாதையை 2000-ல் சைக்கிள் வழியாகத் திறந்தபோது, முதலில் எதிர்த்தவர்களில் அந்தப் பாதையோர விவசாயிகளும் உண்டு. ஏறத்தாழ 150 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த வழியில் இன்று சைக்கிளில் வருகிறவர்களுக்குச் சாப்பாடு போட்டு, தங்க இடம் கொடுத்துப் பிழைக்கும் சின்ன ஊர்கள் எத்தனையோ.

ரயில் போன வழி சைக்கிளுக்கு ஏன் இவ்வளவு பொருத்தம்? இரும்புச் சக்கரம் செங்குத்தாக ஏறாது. அதனால் ரயில் போட்டவர்கள் மேட்டை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும் தரை மெல்ல மெல்ல உயரும்படி செய்தார்கள். திருப்பத்தூரைவிடக் கிருஷ்ணகிரி உயரத்தில் இருக்கிறது. ஆனால் அந்தச் சரிவு 25 மைலில் பரவிவிடுவதால் மிதிக்கிற காலுக்குத் தெரியாது. பதினோராம் வகுப்புப் பிள்ளையும் ஓட்டலாம், அறுபது வயது ஆளும் ஓட்டலாம். ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளை மிதித்து ஏற நம்மில் எத்தனை பேரால் முடியும்?

பதினோராம் வகுப்பு என்று சும்மா சொல்லவில்லை. அரசு கொடுக்கும் விலையில்லா சைக்கிள் அந்த வகுப்பில்தான் கைக்கு வருகிறது. முன்னால் கூடை வைத்த அந்தச் சைக்கிளை ஒரு பெண் பிள்ளை முதல் நாள் எப்படித் துடைத்துத் துடைத்து வைக்கிறாள் என்று நம் வீடுகளில் பார்த்திருக்கிறோம். மூன்றாம் மாதம் அது திண்ணையில் சாய்ந்து நிற்கிறது. காரணம் கேட்டால் அம்மா சொல்வது ஒன்றுதான்: "ஹைவேல எப்படிம்மா அனுப்பறது?" சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலை நம் ஊரைக் கிழித்துக்கொண்டு போகிறது. கன்டெய்னர் லாரி பக்கத்தில் போகும்போது வரும் காற்றே சைக்கிளை ஓரத்துக்குத் தள்ளும். அந்தப் பிள்ளைக்கு லாரி வராத, தனியாகப் போனாலும் ஆள் நடமாட்டம் உள்ள ஒரு வழி கிடைத்தால், சைக்கிள் திண்ணையை விட்டு இறங்கும். விடிவதற்கு முன் கம்பெனி பஸ்ஸில் ஏறி இருட்டிய பின் இறங்கும் பெண்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு போய் உட்கார மரநிழல் என்று ஒன்று நம் பக்கம் வேண்டாமா?

அழகைப் பற்றியும் சொல்ல வேண்டும், அதை விட்டுவிட்டால் இந்தக் கடிதம் முழுமை ஆகாது. மேற்கே கிருஷ்ணகிரிப் பக்கம் உருண்டைக் கருங்கல் குன்றுகள், மலை மேல் கோட்டை. அங்கிருந்து காலையில் கிழக்கு நோக்கி மிதித்து வந்தால் இடப்பக்கம் ஏலகிரி நீல நிறத்தில் எழுந்து வரும். இன்னும் தூரத்தில் ஜவ்வாது மலை. மாந்தோப்பு, புளியமரம், கேழ்வரகுக் கொல்லை, மழைக்கு மட்டும் ஓடும் கானாறு, அங்கங்கே நடுகல். அந்த மேட்டில் பூத்துக் கிடந்த ஆவாரஞ்செடியையும் சும்மா சொல்லவில்லை: நம் பக்கத்துத் தோல் ஷாப்புகளில் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் தோல் பதனிட்டார்கள். பிறகு குரோமியம் வந்தது. பாலாற்றுத் தண்ணீர் என்ன ஆனது என்று நமக்குத் தெரியும், 1996-ல் உச்ச நீதிமன்றமே அதற்காகத் தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்தது. நம் மண்ணின் கதையை அந்தச் செடியைக் காட்டி நம் பிள்ளைகளுக்குச் சொல்ல அப்படி ஒரு வழி வேண்டும்.

ஆனால் இதைப் பூங்கா ஆக்கிவிடக் கூடாது. சிமென்ட் பூசி, கலர் விளக்கு போட்டு, பிளாஸ்டிக் யானை நிறுத்தி வைக்கும் வேலை வேண்டாம். மண் பாதை, ஓரத்தில் புங்கனும் வேம்பும், ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி, ஆடு மாட்டுக்கும் சேர்த்து. முள் வெட்டினால் சீமைக்கருவேலத்தை மட்டும் வெட்ட வேண்டும். காப்புக்காட்டுக்குள் புதிதாக வழி வெட்டக் கூடாது, இருட்டிய பிறகு யாரும் போகக் கூடாது. 2023 மே மாதம் இரண்டு யானைகள் நம் பக்கம் வந்து சுற்றியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். காட்டு ஓரத்தில் இருக்கிறவர்கள் நாம்தான், ஒதுங்கிப் போக வேண்டியவர்களும் நாம்தான்.

இப்போது செய்ய வேண்டியது அதிகம் இல்லை. ரயில் மேடு என்று உங்கள் ஊரில் பெயர் சொல்லும் இடம் இருந்தால் அங்கே மண் அள்ளாதீர்கள், அள்ளவும் விடாதீர்கள். பழைய கல் பாலம், மதகு எதுவாக இருந்தாலும் கல்லைப் பெயர்க்காதீர்கள். வீட்டுப் பெட்டியில் பழைய பத்திரம் இருந்தால் எடுத்துப் பாருங்கள்; நான்கு எல்லை சொல்லும் இடத்தில் 'ரயில் ரோட்டுக்குத் தெற்கு' என்பது போல ஒரு வரி இருந்தால் அது பெரிய சாட்சி. பத்திரத்தை யாரிடமும் கொடுக்க வேண்டாம், அந்த ஒரு வரியை மட்டும் எழுதிக் கொடுத்தால் போதும்.

அடுத்த கிராம சபையில், தங்கள் எல்லைக்குள் பழைய ரயில் நிலம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அளந்து காட்டும்படி கேட்டு ஒரு தீர்மானம் போடுங்கள். பேரூராட்சிக்குள் இருப்பவர்கள் உங்கள் வார்டு கவுன்சிலரிடம் சொல்லுங்கள். திருப்பத்தூர், கிருஷ்ணகிரி இரண்டு ஆட்சியர் அலுவலகங்களிலும் திங்கட்கிழமை குறைதீர் நாளில் நாங்கள் மனுக் கொடுக்கப் போகிறோம். தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ரயில்வேயிடமும் வருவாய்த் துறையிடமும் கேள்வி அனுப்பப் போகிறோம். கூட வரக்கூடியவர்கள் வாருங்கள். நூறு நாள் வேலையில் மண் வேலை தெரிந்த அக்காக்களின் யோசனையும் எங்களுக்கு வேண்டும். ஏரிக்கரை எங்கே கரையும், தண்ணீர் எங்கே தேங்கும் என்பதைப் படித்தவர்களைவிட அவர்கள் நன்றாக அறிவார்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நாட்றம்பள்ளி பேருந்து நிலையத்தில் இருந்து புறப்படுகிறோம். எந்தச் சைக்கிளாக இருந்தாலும் சரி, பிரேக் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு தொப்பி. பஞ்சர் ஒட்டும் சாமானும் பம்பும் நாங்கள் கொண்டு வருகிறோம். உங்கள் தாத்தா சொன்னது எழுதிய தாளை மறக்காமல் எடுத்து வாருங்கள். அவர் சொன்ன பக்கமாகவே முதலில் போவோம்.